இறைவனின் தியாக அன்பு

மனிதரை மீட்பதற்காகக் கடவுள் தம்மையே கொடுத்தார் என்பது கிறித்தவ நம்பிக்கையின் நடுநாயகமான கொள்கை. நாசரேத்தூர் இயேசு, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில், கி.பி. 30-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எருசலேம் நகர மதிலுக்கு வெளியே சிலுவையில் அறையப்பட்டு இறந்தார். ரோமப் பேரரசில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதிக்கப்பட்ட, மிகக் கேவலமான சாவு அது. அந்தச் சாவிலேதான் கடவுளின் உள்ளம் முழுமையாகத் திறந்து காட்டப்பட்டது என்று கிறித்தவர்கள் நம்புகிறார்கள். கத்தோலிக்கர், கிழக்கத்திய மரபுவழியினர், சீர்திருத்த சபையார் என எல்லோருக்கும் இது பொது. அந்தச் சாவு மனிதரை மீட்பது எவ்விதம் என்ற கேள்விக்கு மட்டும் இருபது நூற்றாண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன.

தேஹுவின் பின்னணி

இந்தியாவில் இக்கொள்கையும் பக்தி மரபும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்ட இடங்களுள் புனே வட்டாரம் முக்கியமானது. புனே–மும்பை ரயில் பாதையில் உள்ள தேஹு ரோடு ஒரு ராணுவக் கன்டோன்மென்ட் ஊர். ராணுவக் கிடங்குகளில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. இங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் இந்திராயணி ஆற்றங்கரையில் தேஹு. விட்டலனை வழிபடும் வார்க்கரி மரபின் பெரும்புலவர் துக்காராம் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்து வாழ்ந்த ஊர்.

துக்காராமின் குடும்பம் கடை வைத்து வியாபாரம் செய்தது, வட்டிக்கும் கொடுத்தது. கொடிய பஞ்சம் ஒன்றில் மனைவியையும் மகனையும் அவர் இழந்தார். அதன் பிறகு, ஊராரிடமிருந்து வரவேண்டிய கடன் பத்திரங்களைத் தம்பியோடு பங்கிட்டுக்கொண்டு, தன் பங்குக்கு வந்தவற்றை இந்திராயணியில் போட்டுவிட்டார் என்று மரபு சொல்கிறது. கடன்பட்டவன் விடுதலை பெற்றான். கொடுத்த பணம் போனது கொடுத்தவருக்குத்தான். ஆற்றில் போட்ட பத்திரத்தின் தொகை எங்கும் மாயமாய் மறைந்துவிடவில்லை, மன்னித்தவரின் கணக்கில் நட்டமாக ஏறியது. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சிலுவையைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதே படம்: மனிதருக்கு எதிராக இருந்த கடன் பத்திரத்தைக் கடவுள் எடுத்துச் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்கிறது அது. மன்னிப்பு பெறுகிறவனுக்கு இலவசம், கொடுப்பவருக்கு ஒருநாளும் இலவசமில்லை. தியாக அன்பைப் பற்றிய கிறித்தவக் கொள்கையைப் புரிந்துகொள்ள இதைவிடக் கிட்டத்து வழி இல்லை.

வேதாகமத்தில்

இந்த அன்பு புதிய ஏற்பாட்டில் திடீரென்று தோன்றியதன்று. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியா தீர்க்கதரிசி, தன்னை விட்டுப் போன மனைவியை விலை கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். இஸ்ரவேலைக் கடவுள் நேசிப்பது இப்படித்தான் என்று தன் வாழ்க்கையையே அவர் சான்றாக வைத்தார். ஏசாயா நூலின் 53-ஆம் அதிகாரம் மற்றவர்களின் குற்றத்தைத் தன் மேல் சுமந்து, வாய் திறவாமல் சாகும் ஊழியன் ஒருவனைக் காட்டுகிறது. யூத மரபு பெரும்பாலும் இந்த ஊழியனை இஸ்ரவேல் மக்களாகவே கொண்டது. கிறித்தவர்கள் தொடக்கம் முதலே அவனை இயேசுவாகக் கண்டார்கள்.

லேவியராகமம் விவரிக்கும் பலிகளுக்கும் சிலுவைச் சாவுக்கும் உள்ள உறவை எபிரெயர் நிருபம் விரிவாக ஆராய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தலைமைக் குரு பிறிதொரு உயிரின் இரத்தத்தோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார். இங்கேயோ குருவும் பலியும் ஒருவரே, செலுத்தப்பட்டதும் ஒரே முறை. பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது, கடவுளின் தன்மையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் கோலம் எடுத்து, சிலுவைச் சாவு வரை தாழ்ந்தார் என்று ஒரு படிக்கட்டைப் போல வரிசைப்படுத்துகிறார். ரோமர் நிருபத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: நல்லவனுக்காக ஒருவேளை யாராவது சாகத் துணியலாம், ஆனால் மனிதர் பாவிகளாயும் பகைவர்களாயும் இருந்த வேளையிலேயே கிறிஸ்து அவர்களுக்காக இறந்தார். நட்புக்காக உயிர் கொடுத்தவர்களைத் தமிழ் மரபு நன்றாக அறியும். கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்த பிசிராந்தையாரை நாம் இன்றும் போற்றுகிறோம். பவுல் பேசுவதோ பகைவனுக்காக உயிர் கொடுப்பதைப் பற்றி.

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு, தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமாகவே கொடுப்பதாகச் சொல்கிறார். தியாகத்தையும் கொலையையும் பிரிக்கும் கோடு இதுதான். மனமுவந்து கொடுக்கப்படாத எதற்கும் தியாகம் என்ற பெயர் பொருந்தாது.

தந்தையும் மகனும்

தன் பாவமற்ற மகனைச் சாகவிட்ட தந்தை அன்புள்ளவர்தானா? இக்கொள்கையைக் கேட்கும் எவருக்கும் எழும் கேள்வி இது. தமிழர்களுக்கு இன்னும் கூர்மையாகவே எழும், ஏனென்றால் பெரியபுராணத்தில் இதற்கு இணையான காட்சி ஒன்று இருக்கிறது. திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர், பைரவக் கோலத்தில் வந்த சிவனடியாருக்காகத் தன் மகன் சீராளனைக் கறி சமைக்கிறார். தாயும் மகனைப் பிடித்துக்கொள்கிறாள். இலை போட்டபின் அடியார் பிள்ளையைக் கூப்பிடச் சொல்ல, சீராளன் பள்ளியிலிருந்து வருபவனைப் போல ஓடி வருகிறான். ஆதியாகமம் 22-இல் ஆபிரகாம் ஈசாக்கின் மேல் கத்தியை ஓங்குகிறார். கடைசி நொடியில் வானதூதன் தடுக்க, புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா பலியாகிறது. இரண்டிலும் பக்தன் கடவுளுக்குக் கொடுக்கிறான், கடவுள் திருப்பித் தருகிறார். ரோமர் எட்டாம் அதிகாரத்தில் ஆபிரகாம் கதையை மனத்தில் வைத்தே பவுல் பேசுகிறார். அங்கே கொடுப்பவர் கடவுள், பெறுபவன் மனிதன். தடுக்க எந்தத் தூதனும் வரவில்லை.

மகனைச் சாகவிட்ட தந்தையைப் பற்றிய கேள்விக்குத் திருச்சபை தரும் விடை மூவொரு கடவுள் கொள்கையில் இருக்கிறது. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறுதியிட்டது. மகன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியக் குரு ஆரியுஸ் போதித்ததை அது மறுத்தது. சொற்போராகத் தோன்றும் அந்த விவாதத்தில் அன்பின் தன்மையே பணயமாக இருந்தது. மகன் படைப்புகளில் ஒருவர் என்றால், கடவுள் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிச் சாகவைத்தார் என்றாகும். அது கொடுமை. மகன் கடவுளே என்றால், கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் ஒருவரே. நீதிபதியே குற்றவாளிக் கூண்டில் ஏறினார் என்று பொருள். கோபமான தந்தையைச் சாந்தப்படுத்த இரக்கமுள்ள மகன் இடையில் புகுந்தார் என்று சில பிரசங்கங்களில் கேட்கும் விளக்கம், எவ்வளவு உருக்கமாகச் சொல்லப்பட்டாலும், நிசேயாவின் விசுவாசத்தோடு ஒட்டாது. யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் தந்தையின் அன்பிலிருந்துதான் எல்லாவற்றையும் தொடங்குகிறது. அன்பு சிலுவையின் விளைவாக வந்ததில்லை, சிலுவைதான் அன்பின் விளைவு.

விளக்கங்கள்

மூவொருமை குறித்தும் கிறிஸ்துவின் இரு இயல்புகள் குறித்தும் பொதுச்சங்கங்கள் தீர்மானமாகப் பேசின. சிலுவை மீட்பது எப்படி என்பதற்கு அவை எந்த ஒரு விளக்கத்தையும் கட்டாயமாக்கவில்லை.

முதல் நூற்றாண்டுகளின் ஆசிரியர்கள் பலர், பாவம், மரணம், சாத்தான் ஆகிய சிறைகளிலிருந்து கிறிஸ்து மனிதரை மீட்டெடுத்த வெற்றியாகச் சிலுவையைக் கண்டார்கள். சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாஃப் ஔலேன் 1930-களில் இப்பார்வைக்குப் புத்துயிர் கொடுத்தார். காண்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் 1098-இல் முடித்த நூலில் வேறு வழியில் போனார். கடவுளுக்குரிய மாண்பை மனிதன் கொடுக்கத் தவறினான், அந்த ஈட்டை மனிதன்தான் செலுத்த வேண்டும், ஆனால் கடவுளால் மட்டுமே செலுத்த முடியும், ஆகவே கடவுள் மனிதரானார் என்பது அவர் வாதம். நிலப்பிரபுத்துவ காலத்து மாண்பு, கடமை என்ற கருத்துகள் அதில் அழுத்தமாகப் படிந்திருக்கின்றன. அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அபேலார்டு, சிலுவையில் காணும் அன்பு மனித இதயத்தை உருக்கி மாற்றுவதையே முதன்மைப்படுத்தினார். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தரும் கால்வினும், மனிதருக்குரிய தண்டனையைக் கிறிஸ்து அவர்களுக்குப் பதிலாக ஏற்றார் என்று வலியுறுத்தினார்கள். தமிழ்நாட்டுச் சீர்திருத்த சபைகளின் பிரசங்கங்களில் இன்றும் மிகுதியாகக் கேட்பது இந்தக் கடைசி விளக்கம்தான்.

இருபதாம் நூற்றாண்டின் போர்களுக்குப் பிறகு கேள்வி வேறு திசையில் திரும்பியது. கடவுள் துன்பப்படுவாரா? கடவுளியல்பு துன்பத்துக்கு ஆட்படாதது என்றும், மகன் தாம் ஏற்ற மனிதத்தன்மையில் துன்புற்றார் என்றும் பழைய திருச்சபை கற்பித்தது. ஜப்பானியரான கசோ கிதாமோரி தம் நாடு தோல்வியில் சிதைந்து கிடந்த 1946-இல் கடவுளின் வேதனையைப் பற்றி நூல் எழுதினார். போர்க் கைதியாக இருந்து விசுவாசத்துக்கு வந்த ஜெர்மானியர் யூர்கன் மோல்ட்மன், 1972-இல் வெளிவந்த தம் நூலில், சிலுவையில் மகன் கைவிடப்பட்ட துயரை அனுபவிக்கிறார், தந்தை மகனை இழக்கும் துயரை அனுபவிக்கிறார் என்றார். கடவுளே துன்பத்தில் அமிழ்ந்தால் மீட்பது யார் என்று மறுதரப்பினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும், அழுகிறவனுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் கடவுளை வேதாகமத்தில் தேடிக் காண்பது கடினம்.

மராட்டியத்தில்: திலக்கும் ரமாபாயும்

கொங்கணப் பிராமணக் குடும்பத்தில் 1861-இல் பிறந்த கவிஞர் நாராயண் வாமன் திலக், ரயில் பயணம் ஒன்றில் ஐரோப்பியர் ஒருவர் கொடுத்த புதிய ஏற்பாட்டைப் படித்தார். மலைப்பிரசங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1895 பிப்ரவரியில் மும்பையில் ஞானஸ்நானம் பெற்றார். தேஹுவின் கவியான துக்காராம் என்ற பாலத்தின் வழியாகவே கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்ததாக அவர் சொன்னது புகழ்பெற்றது. அதை வெறும் மரியாதைப் பேச்சாகக் கொள்ள முடியாது. வார்க்கரிகள் விட்டலனைத் தாயென்று அழைப்பதுபோலத் திலக் கிறிஸ்துவைத் தாயும் குருவுமாகப் பாடினார். துக்காராமின் அபங்க யாப்பிலேயே கிறித்தவப் பாடல்கள் செய்தார். ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்கு மராத்திச் சொற்களை அடைத்துப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு, சொந்த மண்ணின் தாளத்தில் சிலுவையைப் பாடக் கிடைத்தது இப்படித்தான். 1917-இல் தாம் பணியாற்றிய மிஷனின் சம்பளத்தை விட்டுவிட்டு, ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் சேர்ந்து கிறிஸ்துவைப் பின்பற்றும் ‘தேவாச்சா தர்பார்’ என்ற குழுவைத் தொடங்கினார். 1919-இல் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட ‘கிறிஸ்தாயன்’ காவியத்தை மனைவி லட்சுமிபாய் எழுதி முடித்தார். கணவர் மதம் மாறியபோது ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து பட்ட வேதனையை லட்சுமிபாய் தம் ‘ஸ்மிருதி சித்ரே’ நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒருவரின் துறவுக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேர்வதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இந்திய நூல்கள் குறைவு.

பண்டிதை ரமாபாய் (1858–1922) இக்கொள்கையைச் சந்தித்த விதம் வேறு. 1883-இல் இங்கிலாந்தில் வாண்டேஜ் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, லண்டனின் ஃபுல்ஹம் பகுதியில் கன்னியர் நடத்திய காப்பகத்தைப் பார்க்க அனுப்பப்பட்டார். ‘கெட்டுப்போனவர்கள்’ என்று ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களை அங்கே கன்னியர் கனிவோடு பராமரிப்பதைக் கண்டு திகைத்து, இது ஏன் என்று கேட்டார். ஒரு கன்னியர், சமாரியப் பெண்ணோடு இயேசு கிணற்றடியில் பேசிய யோவான் நான்காம் அதிகாரத்தை அவருக்குப் படித்துக் காட்டினார். தாம் கற்ற சாத்திரங்களில் அத்தகைய பெண்களுக்குத் தண்டனையையே கண்டிருந்த ரமாபாய்க்கு அது திருப்புமுனை. அதே ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். புனேவுக்குக் கிழக்கே கேட்காவில் அவர் அமைத்த முக்தி மிஷனில், பஞ்ச காலங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்ட பெண்களும் குழந்தைகளும் 1900 அளவில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். ஃபுல்ஹமில் கண்டதைப் போன்ற காப்பகம் ஒன்றையும் ‘கிருபா சதன்’ என்ற பெயரில் நடத்தினார்.

தமிழில்

நெல்லைச் சீமையில் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. மூலத்தில் இல்லாத அளவுக்கு விரிவாக, இயேசுவின் பாடுகளை அவர் இக்காவியத்துக்குள் சேர்த்தார். அடிக்கிறவர்களையும் இகழ்கிறவர்களையும் மன்னிக்கும் நாயகனின் பொறையைக் கம்பனின் நடையில் அவர் பாடும் இடம், தமிழில் சிலுவையைப் பற்றி எழுதப்பட்டவற்றின் உச்சம் என்பது என் கருத்து. இராமனின் பொறுமையில் ஊறிய ஒருவரால்தான் அதை அப்படி எழுத முடிந்திருக்கும்.

பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி, ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் நற்செய்தியையும் பக்தி மரபையும் ஒப்பிட்டு ஆய்ந்தார், பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரானார். 1927-இல் அவர் எழுதிய நூல் கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கியது. சிலுவையை நீதிமன்றத் தண்டனையாகப் பார்க்கும் விளக்கத்தில் அவருக்கு ஈடுபாடு இல்லை. மனிதர் படும் துன்பத்தில் கடவுள் எந்நாளும் பங்கேற்கிறார், சிலுவை அதைக் கண்முன் காட்டியது என்பதே அவர் அழுத்தம். வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் சென்னை மேயராக இருந்தவருமான வி. சக்கரை, 1932-இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றித் தனி நூலே எழுதினார். அவதாரம் வந்து போவது, கிறிஸ்து எடுத்த மனிதத்தன்மையோ என்றும் நீங்காதது என்று அவர் வேறுபடுத்தினார்.

ஆலகால விடத்தை உண்டு உலகைக் காத்த நீலகண்டனிடம் தமிழ் மனம் இதே அன்பின் சாயலைக் காண்கிறது, காண்பது சரியே. கழுத்தில் நின்ற நஞ்சு ஈசனைக் கொல்லவில்லை, அதுவே அவன் பெருமை. சிலுவையிலோ கடவுள் இறந்தார் என்பது கிறித்தவரின் அறிக்கை. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, இராமானுஜரின் அருட்கொள்கையைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு எழுதியபோது, அருள் இரண்டிலும் உண்டு, குற்றத்துக்கான பரிகாரம் என்ற கருத்திலேயே வேறுபாடு என்று கண்டார்.

மறுப்புகள்

காந்தி தம் சுயசரிதையில், இயேசுவைத் தியாகத்தின் உருவமாக ஏற்பதாகவும், அச்சாவில் ஏதோ மர்மமான மீட்பாற்றல் இருந்தது என்பதை மட்டும் தம் உள்ளம் ஏற்கவில்லை என்றும் எழுதினார். அதே காந்தி 1931 டிசம்பரில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்கு முன் நின்று கண்ணீர் விட்டார். இந்தியரில் மிகப் பலரின் நிலை இதுதான்: சிலுவை தொடுகிறது, கோட்பாடு தடுக்கிறது.

இன்னொரு மறுப்பு உள்ளிருந்தே வந்தது. தியாக அன்பைப் போதிப்பவர்கள், அடிபடும் மனைவியிடமும் ஒடுக்கப்பட்ட சாதியிடமும் பொறுமையைக் கேட்டிருக்கிறார்கள். சிலுவையைச் சுமக்கச் சொன்னவர்கள் பெரும்பாலும் அதைச் சுமத்தியவர்களாகவே இருந்தார்கள். பெண்ணிய இறையியலாளர்கள் இதைக் கடுமையாகக் கேட்டார்கள், கேட்டது முற்றிலும் நியாயம். 1980-களில் அரவிந்த் நிர்மல் முன்வைத்த தலித் இறையியல் சிலுவையை வேறு பக்கத்திலிருந்து வாசித்தது. நிர்மல் பின்னர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் பணியாற்றினார். ஏசாயாவின் துன்புறும் ஊழியனில் அவர் கண்டது பிறர் அழுக்கைச் சுமக்கும் துப்புரவுத் தொழிலாளியை. கடவுள் ஊழியம் செய்பவராகவே இருக்கிறார், அறையப்பட்ட இயேசுவில் கடவுள் தலித்துகளோடு ஒருவராக நிற்கிறார் என்றார். இவ்வாசிப்பில் சிலுவை ஒடுக்கப்பட்டவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அறைந்தவனைக் குற்றவாளி என்று காட்டுகிறது.

வழிபாட்டில்

நாற்பது நாள் நோன்பைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் சீர்திருத்த சபையார் லெந்து நாட்கள் என்றும் சொல்வார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளில் சிலுவைப்பாதை நடக்கும். பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிப்பது சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பெரிய வழக்கம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமா நகரில் இயேசு சபைக் குரு அலோன்சோ மெசியா தொடங்கிய ஆராதனை அது. கத்தோலிக்கரிடமிருந்து வந்தது என்ற நினைவே இன்றி சீர்திருத்த சபைகள் அதைத் தமதாக்கிக்கொண்டன. ஈழத்தில், கோவாவிலிருந்து சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ராகத்தோடு ஒப்பாரி போல வாசிக்கப்படுகிறது. பாடுகளின் நாடகமும் அங்கே நீண்ட மரபுடையது.

அப்பமும் இரசமும் பகிரும் சடங்கில் இரு தரப்பும் வேறுபடுகின்றன. கத்தோலிக்கர் அதைத் திருப்பலி என்கிறார்கள். 1562-இல் திரெந்துப் பொதுச்சங்கம், கல்வாரியில் செலுத்தப்பட்ட அதே பலியே பலிபீடத்தில் இரத்தம் சிந்தாத விதத்தில் செலுத்தப்படுகிறது என்று அறிவித்தது. அது ஒரே முறை நடந்து முடிந்தது, இது அதன் நினைவுகூர்தலும் பங்கேற்பும் மட்டுமே என்று சீர்திருத்த சபைகள் மறுத்தன. உலகத் திருச்சபை மன்றத்தின் குழுவில் கத்தோலிக்க இறையியலாளரும் சேர்ந்து உருவாக்கிய 1982-ஆம் ஆண்டு லிமா ஆவணம், கிறிஸ்துவின் பலி ஒன்றே, அது திரும்பச் செய்யப்படுவதில்லை, நினைவுகூர்தலில் அதன் பலன் உயிரோடு முன்நிற்கிறது என்ற அளவில் இரு தரப்பையும் நெருங்கி வரச் செய்தது. ஒரே பந்தியில் அமரும் அனுமதி இன்னும் வரவில்லை.